கடைமடை சிலிண்டர்

எங்கள் பெரியப்பா மகனின் காரில் நாலாவது பிஸ்டன் உருகிவிட்டது. இந்தக் கட்டுரை பிறந்த காரணம் அவ்வளவுதான்.

அண்ணன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பழைய ஜப்பானிய டர்போ கார் வைத்திருக்கிறார்கள். 2 லிட்டர், நாலு சிலிண்டர். ரோட்டில் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றி ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டுத் திரும்ப ஏற்றி வருவார்கள். அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்த இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய பளபளப்பான அலுமினிய மேனிஃபோல்ட் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு நாலாவது பிஸ்டன் போயிற்று.

"நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியேடா, இப்ப எந்த மேனிஃபோல்ட் வாங்கலாம்னு சொல்லு" என்று போனில் கேட்டான்.

எனக்கு எங்கே தெரியும்? எங்கள் பாடப் புத்தகத்தில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அரைப் பக்கம். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. "காற்றை எல்லா சிலிண்டருக்கும் சமமாகப் பகிர்ந்தளிப்பது" என்று எழுதினால் இரண்டு மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் அந்த "சமமாக" என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் நூறு வருடச் சண்டை இருக்கிறது என்பது இப்போது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. படிக்கப் படிக்க, இந்தக் கதையை எங்கேயோ ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்று ஒரு எண்ணம். யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டுத் திண்ணையில்!

எங்கள் தாத்தா வெண்ணாற்றுப் பகுதியில் பொதுப்பணித்துறை லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆற்று மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர், கரையைக் காவல் காக்கிறவர். எந்த வாய்க்காலுக்கு எத்தனை அடி தண்ணீர் என்று மேலே இருந்து உத்தரவு வரும். அதை நிறைவேற்றப் போனால் இரண்டு ஊர்க்காரர்களிடமும் திட்டு வாங்க வேண்டும். தாத்தா வாங்காத திட்டு கிடையாது.

மேனிஃபோல்டின் வேலையும் அதேதான். த்ராட்டில் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. பிளீனம் என்கிற ஒரு பெட்டியில் நிறைகிறது. அங்கிருந்து ரன்னர் என்கிற குழாய்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிகின்றன. மேட்டூர், கல்லணை, வாய்க்கால், வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது (பொருந்தாத இடத்தில்தான் பிஸ்டன் உருகியது, அதற்குப் பிறகு வருகிறேன்). ஆனால் ஆரம்பிக்க இது போதும்.

நம் பக்கத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவிரியை விடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. விட்டால் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கல்லணை. கரிகாலன் கட்டியதாக நாம் சொல்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பக்கம் மணல் மேடிட்டுத் தண்ணீர் வரத்து குறைந்துகொண்டே போனது. 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டினார். பிரச்சினை தீர்ந்ததா? தலைகீழாக மாறியது. இப்போது காவிரிக்குள் தண்ணீர் அதிகமாக வர ஆரம்பித்தது. அதைக் கட்டுப்படுத்த 1880களில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தலைப்பில் ஷட்டர் வைத்த ரெகுலேட்டர்கள் கட்ட வேண்டியதாயிற்று. 1934இல் மேட்டூர் வந்தது, அதே காலத்தில் கல்லணைக் கால்வாய் (நம் ஆட்கள் சொல்லும் புது ஆறு) வந்தது. ஒரு இடத்தில் சரி செய்தால் இன்னொரு இடத்தில் கோளாறு முளைக்கும், அதைச் சரி செய்ய இன்னொரு கட்டுமானம். என்ஜின்காரர்களின் வரலாறும் அப்படியேதான் போகிறது.

என்ஜினில் முதல் சிக்கல் காற்று இல்லை, பெட்ரோல். கார்புரேட்டர் காலத்தில் காற்றோடு பெட்ரோல் துளிகளும் சேர்ந்தே மேனிஃபோல்டுக்குள் போகும். காற்று லேசானது, வளைவில் சட்டென்று திரும்பிவிடும். பெட்ரோல் துளி கனமானது. அது நேராகப் போய்ச் சுவரில் மோதி, வழிந்து, எந்தச் சிலிண்டர் வாகாக இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. துளிகள் ஆவியாக வேண்டும் என்பதற்காக மேனிஃபோல்டின் அடியை எக்ஸாஸ்ட் சூட்டில் காய வைத்தார்கள். சூடானால் காற்று விரிந்து அளவு குறையும், சக்தி குறையும். பங்கீடு வேண்டுமா, பலம் வேண்டுமா?

நம்ம அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் ரயிலடியில் வரிசையாக நின்ற வெள்ளை டாக்சிகள் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழைய 1489 சிசி என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியுடைய வடிவமைப்பு. அதற்கு நாலு சிலிண்டர், ஆனால் ஹெட்டில் காற்று நுழையும் வாசல் இரண்டே இரண்டு! 1, 2 இரண்டுக்கும் ஒரு வாசல், 3, 4 இரண்டுக்கும் ஒரு வாசல். சுத்தமாக, ஒரு மடையில் இரண்டு வயல். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. அதாவது 2 இழுத்து முடிக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரன் 1 இழுக்க ஆரம்பித்துவிடுவான். அதேபோல 3க்குப் பின்னாலேயே 4. முதலில் மடையைத் திறந்தவன் தண்ணீரை ஓட வைக்கிறான், பின்னால் வந்தவன் ஓடுகிற தண்ணீரில் பங்கு வாங்கிக்கொள்கிறான். இங்கிலாந்தில் இதே குடும்பத்து என்ஜின்களை ரேசுக்குத் தயார் செய்தவர்களுக்கு இது தீராத தலைவலி. மேனிஃபோல்டை எப்படி மாற்றினாலும் ஹெட்டுக்குள்ளேயே மடை ஒன்றாக இருக்கிறதே! கார்புரேட்டரை இரண்டாக்கினால் வாசலுக்கு ஒன்று என்று ஆகும், வயலுக்கு ஒன்று என்று ஆகாது.

மேனிஃபோல்டைத் தனியாக வாங்கி மாட்டும் பழக்கம் அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. ஃபோர்டு 1932இல் மலிவு விலையில் ஒரு வி8 என்ஜின் காரைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் அதை ஓட்டிப் போட்டி போட்டார்கள். (நம் ஊரில் ஏரி வறண்டால் கிரிக்கெட், அங்கே கார் ரேஸ்.) விக் எடெல்ப்ராக் என்ற மெக்கானிக் 1930களின் கடைசியில் தன் சொந்தக் காருக்காக இரண்டு கார்புரேட்டர் பொருத்தும் மேனிஃபோல்ட் ஒன்றைச் செய்தார். ஸ்லிங்ஷாட் என்று அதற்குப் பெயர். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அதுவே கம்பெனியாகிவிட்டது. இதில் நான் கவனித்த விஷயம், அவர் விற்பதற்காகச் செய்யவில்லை. தன் காரில் மாட்டி, ஓட்டி, அது வேகமாகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போனது. அண்ணன் வாங்கியது எந்தக் காரில் ஓடிப் பார்த்தது என்று கேட்டேன். விற்றவருடைய படத்தில் காரே இல்லையாம், மேனிஃபோல்ட் மட்டும்தான் இருந்ததாம்.

அடுத்த பெரிய திருப்பம் குழாயின் நீளம். இன்டேக் வால்வு படார் என்று மூடும்போது, ஓடி வந்துகொண்டிருந்த காற்று முட்டி நிற்கும். அந்த அழுத்தம் ஒரு அலையாகக் குழாயில் பின்னோக்கிப் போய், முனையில் பட்டுத் திரும்ப வரும். சரியாக அடுத்த தடவை வால்வு திறக்கும் நேரத்தில் அலை வந்து சேர்ந்தால் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளிவிடும். அலை போகிற வேகம் ஏறக்குறைய ஒலியின் வேகம், அதை நாம் மாற்ற முடியாது. குழாயின் நீளத்தை மாற்றலாம். நீளமான குழாய் என்றால் அலை திரும்ப நேரமாகும், அதனால் குறைந்த வேகத்தில் பலன். குட்டைக் குழாய் என்றால் அதிக வேகத்தில் பலன்.

இதைக் கிரைஸ்லர் கம்பெனி 1960இல் தன் 300எஃப் காரில் போட்டுக் காட்டியது. ஒவ்வொரு குழாயும் 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர்! அவ்வளவு நீளக் குழாயை எங்கே வைப்பது? இடது பக்கத்து சிலிண்டர்களின் கார்புரேட்டரை வலது ஓரத்திலும், வலது பக்கத்தினுடையதை இடது ஓரத்திலும் வைத்து, குழாய்களை என்ஜின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார்கள். 6.8 லிட்டர் என்ஜின், 375 குதிரைசக்தி, இழுவை 2800 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். அதே காரில் ரேசுக்காக இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் அதே குழாய்தான், உள்ளே நடுச்சுவரைப் பாதி தூரத்துக்கு எடுத்துவிட்டு நீளத்தை 15 அங்குலம் போல ஆக்கியிருந்தார்கள். அது 400 குதிரைசக்தி கொடுத்தது, ஆனால் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது மட்டும். ஒரே கம்பெனி, ஒரே கார், இரண்டு மேனிஃபோல்ட். எது உசத்தி என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கே ஓட்டப் போகிறாய் என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு.

சரி, டர்போவுக்கு வருவோம்.

எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் யோசனைக்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூஷி 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கப்பல், விமானம், லாரி எல்லாம் கடந்து காருக்கு வர 1962 ஆயிற்று. அந்த வருடம் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் இரண்டும் டர்போவோடு வந்தன. ஜெட்ஃபயர் கதை பரிதாபமானது. 3.5 லிட்டரில் 215 குதிரைசக்தி எடுத்தார்கள். நாக்கிங் வராமல் இருக்கத் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைச் சின்னத் தொட்டியில் நிரப்பி, உள்ளே போகும் காற்றில் தெளித்தார்கள். ஜனங்கள் அதை நிரப்ப மறந்துவிட்டார்கள். தொட்டி காலியானால் டர்போ அடங்கிவிடும், வண்டி இழுக்காது. கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

பிறகு 1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ, அடுத்து போர்ஷே 911 டர்போ. 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன்னுக்கே டர்போவைக் கொண்டுவந்தது. அடிக்கடி புகை விட்டுக்கொண்டு நின்றதால் "மஞ்சள் தேநீர்க் கெண்டி" என்று கிண்டல் செய்தார்கள். 1979இல் அதே ரெனோ பிரான்சில் ஜெயித்தது. கிண்டல் நின்றது.

இந்தக் காலத்தில்தான் ஒரு தப்பான எண்ணமும் பரவியது. "டர்போதான் காற்றை அழுத்தித் தள்ளுதே, மேனிஃபோல்ட் எப்படி இருந்தா என்ன?" இதை நான் எங்கள் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். உண்மை நேர்மாறானது. அழுத்தம் கூடும்போது அளவுகள் எல்லாமே பெருகும். சமமாக இருந்தால் பலம் பெருகும். சமமில்லாமல் இருந்தால் அந்தக் குறையும் சேர்ந்து பெருகும்.

இங்கேதான் தாத்தாவின் அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன். மேனிஃபோல்டின் படத்தைப் பார்த்தேன். நீளமான பெட்டி, ஒரு முனையில் த்ராட்டில், வரிசையாக நாலு குழாய். 1 தலைமடை, 4 கடைமடை. கடைமடைக்குக் காற்று போய்ச் சேரவில்லை, அதனால் நாலாவது கெட்டுவிட்டது என்று அண்ணனிடம் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும், கடைமடை என்றாலே தண்ணீர் வராது என்று மனதில் பதிந்திருக்கிறது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் இடிக்கிறது. காற்று குறைந்த சிலிண்டரில் வெடிப்பும் குறைவு. அது நோஞ்சானாக இருக்குமே தவிர, உருகாது. உருக வேண்டும் என்றால் காற்று அதிகமாகப் போயிருக்க வேண்டும்!

நடந்தது அதுதான். வாய்க்காலில் தண்ணீர் மெதுவாகப் போகிறது, முதல் மடையைத் திறந்தால் அதில் இறங்கிவிடும். பூஸ்ட்டில் காற்று அப்படி வருவதில்லை, பாய்ந்து வருகிறது. முதல் குழாயின் வாயை அது கவனிக்காமலே தாண்டிப் போய்விடும். பெட்டியின் கடைசிச் சுவரில் மோதி, அங்கே அழுத்தம் சேர்ந்து, கடைசிக் குழாய்க்குள் அதிகமாக இறங்கும். காவிரிக்கு நேரெதிர். இங்கே கடைமடைதான் மூழ்குகிறது. (யோசித்துப் பார்த்தால் வெள்ளக் காலத்தில் நம் பக்கமும் அப்படித்தான். கோடையில் காயும் அதே கடைமடைதான் ஐப்பசி கார்த்திகையில் முதலில் மூழ்கும்.)

காற்று அதிகம் போனால் நல்லதுதானே என்று தோன்றும். பெட்ரோல்தான் பிரச்சினை. நாலு இன்ஜெக்டரும் ஒரே அளவுதான் தெளிக்கின்றன. பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று கணக்கு. டர்போவில் முழு பூஸ்ட்டில் பத்திரத்துக்காகப் பெட்ரோலை அதிகமாக்கி 12க்குக் கொஞ்சம் கீழே வைப்பார்கள், அந்தக் கூடுதல் பெட்ரோல் சூட்டைக் குறைக்கும். நாலாவதில் காற்று கூடிவிட்டால் அதற்கு மட்டும் அந்தக் குளிர்ச்சி கிடையாது. நாக்கிங் வரும். பிஸ்டன் அலுமினியக் கலவை, அது எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

இது முன்பே தெரிய வேண்டாமா? ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே? இருக்கிறது. நாலு சிலிண்டரின் புகையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் இருக்கிறது. அது சொல்வது சராசரி. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு என்று பேப்பரில் வரும். அதை வைத்துக் கடைமடையில் நாற்று காய்கிறதா என்று சொல்ல முடியுமா? டைனோவில் ஏற்றி டியூன் செய்தபோது சராசரி அருமையாக இருந்ததாம். 1 முதல் 3 வரை சிலிண்டர்கள் பெட்ரோல் அதிகமாகக் குடித்து, நாலாவதின் பட்டினியை மறைத்துவிட்டன.

சந்தேகத்துக்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதிக்கச் சொன்னேன். நாலும் ஒரே அளவுதான் தெளித்தன. ஆக மேனிஃபோல்ட் மேல்தான் பழி.

இது அண்ணனுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் காரின் ஆர்பி26 என்ஜின் உலகப் புகழ் பெற்றது. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, ஆறு தனித்தனி த்ராட்டில். அதிலேயே பூஸ்ட்டை ஏற்றுகிறவர்கள் ஆறாவது சிலிண்டரைப் பற்றித்தான் பயப்படுவார்கள். காற்று முன் பக்கம் நுழைகிறது, ஆறாவது கடைசி. மேனிஃபோல்டைக் குழாய்களுக்கு மேலே இருக்கும் பெட்டியோடு மாற்றி விற்கும் வியாபாரமே இதை ஒட்டித்தான் வளர்ந்தது.

பெட்டியைச் சரியாகச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், கடைசியை நோக்கிப் பெட்டியை ஒடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு குழாயும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சக் காற்றுக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை. குழாயின் வாயைக் கூராக விடாமல் நாதஸ்வர அணைசு மாதிரி விரித்து வளைக்கிறார்கள், அப்போதுதான் பாய்ந்து வரும் காற்று திரும்பி உள்ளே இறங்கும். தாத்தாவிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். "எந்த வாய்க்காலை வேணா பாரு. தலைப்புல இருக்குற அகலம் கடைசி வரைக்கும் இருக்காது" என்றார். நான் இத்தனை வருடம் அந்தக் கரையில் சைக்கிளில் போயிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

தாத்தாவுக்கு மிகவும் பிடித்துப்போன இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், மேனிஃபோல்டுக்குக் கொஞ்சம் வெளியே போகிறது, பரவாயில்லை. உலக ராலிப் போட்டியில் டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்த 1995இல் 34 மில்லிமீட்டர் வளையம் ஒன்று கட்டாயம். எல்லாக் காற்றும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். டொயோட்டா அணி ஒரு வேலை செய்தது. குழாயின் கிளிப்பை இறுக்கினால், உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங் வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தும். இடைவெளி வழியாகத் திருட்டுக் காற்று. சோதனைக்காகக் கழற்றினால் தானாகவே பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும், ஒன்றும் தெரியாது. ஸ்பெயின் போட்டியில் பிடிபட்டு ஒரு வருடம் தடை வாங்கினார்கள். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். ராத்திரி மதகுப் பலகைக்கு அடியில் கல்லை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, விடியும் முன் எடுத்துவிட்டுப் போகிறவர்களை அவர் எத்தனை பேரைத் துரத்தியிருப்பார்!

நம் தமிழ்நாட்டில் இந்தக் கதை எப்படிப் போனது? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்தினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் வந்தது. சோழவரக் காலத்தில் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வெளிநாட்டு மேனிஃபோல்டைப் புத்தகத்தில் பார்த்து ஆர்டர் கொடுத்து வாங்குவதெல்லாம் சாதாரண ஆளுக்கு நடக்காத காரியம். இருக்கிறதை ராவி, வெல்டு வைத்து, பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோயம்புத்தூரின் கரிவரதன் 1988இல் வேறு வழியில் போனார். மாருதி என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரைச் செய்தார். எல்லோருக்கும் ஒரே கார், ஒரே என்ஜின். பணம் இருப்பவன் பாகம் வாங்கி ஜெயிக்க முடியாது, ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான். நரேன் கார்த்திகேயன் அந்த வகைக் காரில் ஓட்டி, பிறகு 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் 2003இல் வந்த ட்ராக்குக்கு அவர் பெயர்தான். எனக்கென்னவோ நம் ஊர் ரேஸ் வரலாற்றில் இவ்வளவு பெரிய காரியத்தை வேறு யாரும் செய்யவில்லை என்று தோன்றுகிறது. அண்ணன் ஓட்டுவதும் அங்கேதான்.

அந்த ட்ராக்கின் அளவுதான் கடைசியில் எங்களுக்கு வழி காட்டியது. மொத்தமே 2 கிலோமீட்டரை ஒட்டித்தான். நேர்ப் பாதை குறைவு, திருப்பம் அதிகம். 7000 சுற்றில் பிடித்து வைத்துப் போவதற்கு இடமே கிடையாது. 3500லிருந்து 5500க்குள்தான் பெரும்பாலும் ஓடுகிறது என்று அண்ணனே ஒத்துக்கொண்டான். அவர்கள் வாங்கியதோ குட்டைக் குழாய் மேனிஃபோல்ட். கம்பெனிக் குழாயின் நீளத்தில் பாதிகூட இருக்காது. அது தரக்கூடிய பலன் எல்லாம் அவர்கள் போகாத வேகத்தில். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது முன்பைவிட மந்தமாக இருக்கிறது என்று ஓட்டிய மூன்று பேருமே சொல்லியிருக்கிறார்கள். அந்த மந்தத்தைச் சரிக்கட்டத்தான் பூஸ்ட்டை 1 பாரிலிருந்து 1.4க்கு ஏற்றினார்களாம். மணலுக்கு அணை, அணைக்கு ரெகுலேட்டர் என்று போன கதை மாதிரியே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் ட்ராக்கில் ஓடும் காருக்கு. ரோட்டில் ஓடும் வண்டியில் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. நம் வகுப்பில் பைக்கின் சைலன்சரை மாற்றி வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் இது பொருந்தும், பெயர் சொல்லவில்லை.

அண்ணனின் நண்பர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, இன்னும் விலை கூடிய, ஒடுங்கிய பெட்டி வைத்த மேனிஃபோல்ட் வாங்கலாம் என்றது. அதன் விலையில் எங்கள் கல்லூரியில் ஒரு வருட ஃபீஸ் கட்டிவிடலாம். இன்னொரு கட்சி காரையே விற்றுவிடலாம் என்றது. நான் சொன்னது, கழற்றிப் போட்ட பழைய வார்ப்பு மேனிஃபோல்டையே திரும்ப மாட்டுங்கள், ஹெட்டோடு சேரும் இடத்தில் பிசிறு இல்லாமல் ராவிக்கொள்ளுங்கள், பூஸ்ட்டை 1 பாருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். மேனிஃபோல்டுக்கு ஒதுக்கிய பணத்தில் எக்ஸாஸ்ட்டில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு வெப்பமானி வையுங்கள். சராசரியை நம்ப வேண்டாம். "இதுக்கா நூறு வருஷ வரலாறு படிச்ச?" என்று கேட்டான்.

பிஸ்டன் மாற்றி, பழைய மேனிஃபோல்ட் மாட்டி, போன வாரம் ஓட்டியிருக்கிறார்கள். முதல் கட்சிக்காரர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாராம். லாப் நேரம், பளபளப்பான மேனிஃபோல்டோடு ஓட்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது, டிரைவரின் கை பழகியதும் காரணமாக இருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு வந்த அண்ணன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். திண்ணையில் வரிசையாக வைத்துத் தாத்தாவிடம் விளக்கினான். நாலும் ஒரே பழுப்பு நிறம், நாலாவது மட்டும் ஒரு நூல் வெளுப்பு.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நாலாவதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் அரை அங்குலம் இறக்கணும்டா" என்றார். இப்போது நாலாவது இன்ஜெக்டருக்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல் கூட்ட முடியுமா என்று அண்ணன் டியூனரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.